தேனும் பழம்பெருமையும்

நம் நாட்டில் எந்தக் காரியத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலும், "இதெல்லாம் நம் முன்னோர்களுக்கு அன்றே தெரியும்" என்று சொல்லிக் கேட்பவன் வாயை அடைத்துவிடுவது ஒரு வழக்கமாய்ப் போய்விட்டது. ஆகாய விமானம் என்றால் உடனே புஷ்பக விமானம் வந்துவிடும். ரண வைத்தியம் என்றால் யானைத் தலையை வெட்டி ஒட்டிய கதை வந்துவிடும். இவைகளை வடமொழிப் புராணத்தின் பேரால் சொல்லும்போது நம்மவர்கள் கைகொட்டிச் சிரிக்கின்றார்கள். ஆனால் அதே சரக்கைத் தமிழின் பேரால் யாராவது விற்றால் மாத்திரம் மார்தட்டிக் கொண்டு வாங்கிக் கொள்ளுகின்றார்கள். எந்த மொழியின் பேரால் செய்தாலும் புரட்டு புரட்டுத்தான் என்பது நமது அபிப்பிராயம்.

இப்பொழுது இந்தப் பெருமை வரிசையில் தேனீயும் வந்து சேர்ந்திருக்கின்றது. தமிழன் இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்னமேயே தேனீ வளர்த்தான் என்றும், அதற்கு ஜவ்வாது மலையும் மலைபடுகடாமும் சாட்சி என்றும் சொல்லுகிறவர்கள் இருக்கின்றார்கள். சாட்சி என்று கூப்பிட்ட பிறகு அந்தச் சாட்சி என்ன சொல்லுகிறது என்று காதுகொடுத்துக் கேட்க வேண்டாமா? கேட்டுத்தான் பார்ப்போமே.

மலைபடுகடாம் என்பது பத்துப்பாட்டில் ஒன்று. 583 அடிகள் கொண்டது. செங்கண்மா என்னும் ஊரை ஆண்ட நன்னன் என்பவனிடம் பரிசு வாங்கப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் பாவனையில் பாடப்பட்டது. செங்கண்மா என்பது இன்றைய செங்கம். ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருப்பது. பாட்டில் வரும் சேயாறு, இதே மலையில் பிறந்து கீழே ஓடிவரும் செய்யாறு. ஆகவே ஜவ்வாது மலைக்கு இதைவிட அருகிலான பழைய சாட்சி கிடைப்பது கஷ்டந்தான். அரசனைப் புகழ்ந்து கூலி வாங்குவதற்காகப் பாடிய பாட்டாயினும், போகிற வழியில் கண்ணுக்குத் தென்படும் தினைப்புனம், வரகு, எள், அவரை, இஞ்சி, கரும்பு இவைகளையெல்லாம் சொல்லிக் கொண்டு போவதால், அரசன் புகழை ஒதுக்கிவிட்டு இவைகளை மாத்திரம் எடுத்துக் கொண்டால் நமக்கு மிகவும் பிரயோஜனமுண்டு.

அதில் தேனும் வருகின்றது. எப்படி வருகின்றது? குரங்குகூட ஏறமாட்டாமல் கைவிட்ட செங்குத்தான பாறையிலே தேன் கூடு தொங்குகின்றது. மால்பு என்னும் மூங்கில் ஏணியை நிறுத்தி, அதன் வழியாக ஏறி அதைக் கொள்ளுகிறார்கள். மற்றோரிடத்தில் மூங்கில் குழாயில் விளையவைத்த தேன் கள்ளைக் குடிக்கின்றார்கள். தேனீக்குப் பெட்டி செய்ததாகவோ, பானை வைத்ததாகவோ, கூட்டத்தைப் பிடித்துக் குடிவைத்ததாகவோ அங்கு ஒரு பேச்சும் இல்லை. பாட்டு சொல்லுவது தேன் எடுத்ததைப் பற்றி. நம் புலவர்கள் படிப்பது தேனீ வளர்த்ததைப் பற்றி! காட்டெருமையை வேட்டையாடியவனை, பால்பண்ணை வைத்திருந்தான் என்று எழுதினால் எப்படியோ அப்படித்தான் இதுவும்.

தேனீ வளர்த்ததற்கு ஆதாரம் என்பது எப்படி இருக்கும் என்பதற்கு உலகத்தில் உதாரணம் இல்லாமல் இல்லை. எகிப்து தேசத்தில் நியூசெர்ரே என்ற அரசன் கட்டிய சூரியன் கோவில் சுவரில், சுமார் 4,400 வருஷங்களுக்கு முன் செதுக்கிய சிற்பம் ஒன்றில், ஒருவன் குழாய் போன்ற கூடுகளின் முன் மண்டியிட்டுப் பணிசெய்வதும், மற்றவர்கள் தேனை ஜாடிகளில் ஊற்றி மூடுவதும் தெரிகின்றன. இஸ்ரேல் நாட்டில் தெல் ரெகோவ் என்ற இடத்தில் 2007-ம் வருஷம் மண்ணைத் தோண்டியபோது, களிமண்ணும் வைக்கோலும் சேர்த்துச் செய்த உருளைக் கூடுகள் சுமார் 30, வரிசை வரிசையாக அடுக்கியபடியே கிடைத்தன. ஏறக்குறைய 3,000 வருஷங்களுக்கு முந்தியவை. கூட்டின் ஒரு பக்கம் ஈ போய்வரத் துவாரம். மறுபக்கம் மனிதன் தேன் எடுக்க மூடி. உள்ளே கருகிக் கிடந்த ஈக்களையும் எடுத்துப் பரிசோதித்து, அவை அந்த ஊர் ஈயல்ல, துருக்கி நாட்டுப் பக்கத்து ஈயோடு ஒத்தவை என்பதுவரை 2010-ல் எழுதினார்கள். இதற்குப் பெயர் ஆதாரம். ஒரு பாட்டில் தேன் என்ற சொல் வந்தது என்பதற்கு அந்தப் பெயரைக் கொடுக்க முடியுமா?

"நம் நாட்டு மரமும் மூங்கிலும் மக்கிப் போயிருக்கலாமே?" என்று கேட்கக்கூடும். கேட்கத்தக்க கேள்விதான். நாட்டின் பல பாகங்களில் பானையிலும் மரக்குடைவிலும் ஈயைக் குடியேற்றும் வழக்கம் இருந்தது. இமயமலைச் சாரலில் வீடு கட்டும்போதே சுவரில் ஈக்கென்று ஒரு பொந்து விட்டுக் கட்டுகின்றார்கள். ஜவ்வாது மலையில் என்றைக்கோ ஒருவன் அப்படிச் செய்திருக்கலாம், செய்யாமலும் இருந்திருக்கலாம். மக்கிப்போனதை வைத்துக்கொண்டு மார்தட்டக் கூடாது என்பதுதான் நாம் சொல்லுவது.

நிற்க, "தேனீ வளர்க்கவில்லை" என்று சொன்னவுடனேயே நம்மவர்களுக்கு அவமானமாய்ப் போய்விடுகின்றதே, அது ஏன்? இதைத்தான் நாம் முக்கியமாய்க் கவனிக்க வேண்டும். வளர்ப்பது உயர்வு, எடுப்பது தாழ்வு என்ற எண்ணம் மனதில் இருப்பதால்தான் எடுத்தவனை வளர்த்தவனாக வேஷம் போட்டுக் காட்ட வேண்டியிருக்கின்றது. மலைத்தேனீ என்ற பெரிய ஈயைப் பெட்டியில் வளர்க்க இன்றைய விஞ்ஞானிகளாலும் முடியவில்லை. அது திறந்த வெளியில், பாறையிலும் உயர்ந்த மரத்திலும் ஒற்றை அடையாகக் கட்டும். பூக்காலம் முடிந்தால் கூட்டத்தோடு வேறு சீமைக்குப் போய்விடும். இருட்டான பொந்தில் அடுக்கடுக்காய் அடை கட்டும் நாட்டுத் தேனீதான் பெட்டிக்கு ஒத்துவருவது. ஆகையால் பாறைத் தேனை ஏணிபோட்டு எடுத்தவன் அறிவில் குறைந்தவன் அல்ல. அந்த ஈயிடத்தில் செய்யக்கூடிய காரியம் எதுவோ அதைச் செய்தான்.

அதற்கு எவ்வளவு அறிவு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். எந்த மரம் எப்பொழுது பூக்கும், எந்தப் பாறைக்கு ஈ எந்த மாதம் வரும், எந்த அடையில் தேன் முற்றியிருக்கும், எந்தத் தழையைப் போட்டால் அடர்ந்த புகை வரும் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். தப்பினால் உயிர் போய்விடும். பல மலைகளில் இருட்டு நாளாகப் பார்த்துத் தேன் எடுக்கின்றார்கள். மலைத்தேனீ நிலவு வெளிச்சத்திலும் பறக்கக் கூடியது என்பது இன்று ஆராய்ச்சியில் ருசுவாகி இருக்கின்றது. ஆகவே இருட்டு நாளைத் தேடியது பஞ்சாங்கத்துக்குப் பயந்து அல்ல, கொடுக்குக்குப் பயந்துதான். நீலகிரி முதலிய மேற்கு மலைகளில் கயிற்றில் தொங்குகிறவனுடைய கயிற்றை மேலே பிடித்துக்கொள்ள, பெண்டாட்டியின் சகோதரனைத்தான் நிறுத்துவார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். கூடப் பிறந்தவன் பங்காளியல்லவா? மைத்துனனோ தன் தங்கை தாலியறுக்கச் சம்மதிக்கமாட்டான். ஸ்தல புராணங்கள் எல்லாவற்றிலும் சேர்ந்து இவ்வளவு மனித சுபாவ ஞானம் இருக்குமா என்பது சந்தேகம்.

இதே ஜவ்வாது மலையில் காவலூரில் நட்சத்திரங்களைப் பார்க்கும் நிலையம் ஒன்று இருக்கின்றது. 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கி 1986-ல் அங்கு வேலைக்கு வந்தது. வானத்தைப் பார்க்கிறவர்களுக்கும் இருட்டு வேண்டும். தேன் எடுக்கிறவனுக்கும் இருட்டு வேண்டும். இரண்டு பேருக்கும் ராகுகாலம் வேண்டியிருக்கவில்லை. அது அடிவாரத்தில் இருக்கிற நமக்குத்தான் வேண்டியிருக்கின்றது.

இனி, சாஸ்திரங்களில் விவசாயத்தின் ரகசியம் எல்லாம் அடங்கியிருக்கின்றது என்று சொல்லுகிற மற்றொரு கூட்டத்தாரைப் பார்ப்போம். இவர்கள் மனுதர்மத்தின் 10-வது அத்தியாயத்தை ஒருதரம் புரட்டிப் பார்க்கட்டும். இரும்பு முனை கொண்ட கலப்பை பூமியையும் அதிலுள்ள ஜந்துக்களையும் இம்சிப்பதால் உழவுத் தொழிலைப் பெரியோர் நிந்திப்பர் என்று அங்கு இருக்கின்றது. 12-வது அத்தியாயத்தில் தேனைத் திருடுகிறவன் மறுபிறப்பில் கடிக்கிற ஈயாகப் பிறப்பான் என்று இருக்கின்றது. உழுகிறவனுக்கு நிந்தனை, தேனுக்கு ஜன்மம் என்பதைத் தவிர, எப்படி உழுவது, எப்படித் தேன் எடுப்பது என்பது பற்றி அங்கே ஏதாவது உண்டா? இது நிற்க, ஈ பூவிலிருந்து உறிஞ்சி, வயிற்றிலே வைத்துக் கொண்டுவந்து, வாயால் கக்கி, ஒன்றின் வாயிலிருந்து ஒன்று வாங்கி வற்றவைத்ததுதான் தேன். அதைச் சாமி தலையில் குடம் குடமாய் ஊற்றினால் அபிஷேகம். ஒரு மனிதன் குடித்த பாத்திரத்தை மற்றொருவன் தொட்டால் எச்சில் தீட்டு. தினைப்புனம் காத்த மலைப்பெண் வள்ளியைச் சாமிக்குப் பெண்டாட்டியாக்கி வருஷந்தோறும் கலியாணம் நடத்துகின்றோம். தினைப்புனம் போட்ட மலைக்காரனுக்கோ காட்டை அழித்தான் என்று அபராதம் போட்டோம்.

பழைய காரியத்திற்கு நாம் அர்த்தம் பண்ணுகிற அழகுக்கு இன்னொரு உதாரணம், தேனைக் காட்டிலும் பொருத்தமானது, இதே மலையில் கிடக்கின்றது. ஜவ்வாது மலையிலும் சேர்வராயன் மலையிலும் வழவழவென்று தேய்த்துக் கூராக்கிய கற்கோடரிகள் ஏராளமாய்க் கிடைக்கின்றன. இரும்பு தெரியாத காலத்தில் மரம் வெட்டிப் புனம் திருத்துவதற்கென்று மனிதன் செய்த ஆயுதங்கள் அவை. ஒன்றைத் தேய்த்து முடிக்க எத்தனை நாள் கை வலித்திருக்க வேண்டும்! அவைகளை நம் ஜனங்கள் என்ன செய்தார்கள்? பொறுக்கிக் கொண்டுவந்து மரத்தடியில் குவித்துப் பிள்ளையார் என்று பேர்வைத்து எண்ணெய் தடவிக் கும்பிட்டார்கள். புரூஸ் புட் என்ற வெள்ளைக்காரர் போன நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே சேர்வராயன் மலைச் சாமி வீடுகளில் இப்படிக் கற்கோடரிகள் இருப்பதைக் கண்டு எழுதினார். நம்மவர்கள் மாத்திரம் இப்படி என்று வெட்கப்பட வேண்டியதில்லை. ஐரோப்பாவிலும் வெகுகாலம் இதே மாதிரிக் கல்லை, இடியோடு வானத்திலிருந்து விழுந்தது என்றுதான் நம்பிக் கூரையில் செருகி வைத்தார்கள். ஆனால் அவர்கள் பிறகு அதைக் கீழே எடுத்துப் பார்த்தார்கள்.

நம் பக்கத்திலும் பார்த்தவர்கள் உண்டு. திருப்பத்தூர்ப் பக்கத்தில் பையம்பள்ளி என்ற ஊரில் 1960-களில் சர்க்கார் தொல்பொருள் இலாகாவினர் தோண்டினார்கள். 3,000 வருஷங்களுக்கும் முந்திய அந்தக் குடியிருப்பில் கற்கோடரியும் கிடைத்தது, கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. எந்த ரிஷி சொல்லி அந்தக் கொள்ளை விதைத்தார்கள்? மனு பிறப்பதற்கு முன்னமேயே விதைத்தவன் விதைத்துவிட்டான். நாலு பலகைக் கல்லை நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடிச் செத்தவர்களுக்குக் கட்டிய இடங்களைப் பாண்டவர் வீடு என்றும், மலையிலிருந்து தண்ணீர் விழுந்தால் பீமன் அருவி என்றும் சொல்லிவிட்டால், அந்தக் கல்லைத் தூக்கி நிறுத்திய மனிதன் யார் என்ற கேள்வியே பிறக்காமல் போய்விடுகின்றது. கிழங்கு அகழ்ந்தவன், கொள் விதைத்தவன், தேன் எடுத்தவன் செய்த காரியத்துக்கெல்லாம் பேர் வாங்கிக்கொண்டு போகிறவன் காட்டில் கொஞ்ச காலம் ஒளிந்திருந்ததாகக் கதை சொல்லப்படும் ஒரு ராஜகுமாரன்!

இன்றைய பெட்டித் தேனீ வளர்ப்புக்கு வருவோம். அரிஸ்டாட்டில் என்ற கிரேக்க மேதாவிகூட, கூட்டின் தலைமை ஈயை ராஜா என்றும், தேன் ஆகாயத்திலிருந்து இறங்குகின்றது என்றும் எழுதினார். அந்த 'ராஜா' முட்டையிடும் பெண் என்பதை 17-வது நூற்றாண்டில் ஸ்வாமர்டாம் என்ற டச்சுக்காரர் அறுத்துப் பார்த்துக் காட்டினார். பூ காயாவதற்கு ஈ உதவுகின்றது என்பதை விரிவாய் ஸ்பிரெங்கல் எழுதியது 1793-ல். ஈ தன் கூட்டாளிகளுக்குப் பூ இருக்கும் திசையை நடனமாடிச் சொல்லுகிறது என்று கண்டுபிடித்ததற்காக வான் பிரிஷ்ஷுக்கு 1973-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அடைக்கும் அடைக்கும் நடுவே சுமார் அரை விரற்கடை சந்து விட்டால் ஈ அதை அடைக்காமல் நடைபாதையாக வைத்துக் கொள்ளும் என்பதை லாங்ஸ்ட்ராத் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1851-ல் கவனித்தார். அந்தச் சிறு சந்திலிருந்துதான், அடையை நசுக்காமல், புழுவைக் கொல்லாமல், சட்டத்தை உருவித் தேனெடுத்து மறுபடி வைக்கும் இன்றைய பெட்டி பிறந்தது. அது நமது நாட்டுத் தேனீயின் சிறிய உடம்புக்கு ஏற்றபடி தென்னாட்டில் அளவு குறைக்கப்பட்டது 1910-ஐ ஒட்டி, நியூட்டன் என்ற பாதிரியாரால். 1920-களில் மார்த்தாண்டத்தில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தார் அதை ஏழைக் குடியானவர்களுக்குத் தொழிலாகக் கற்றுக் கொடுத்தார்கள். இவர்கள் மதப் பிரசாரம் நமக்கு உடன்பாடானதல்ல. ஆனால் சந்தின் அளவை எந்த வேதத்திலும் அவர்கள் தேடவில்லை; அளந்து பார்த்தார்கள்.

1991-92-ல் தாய்லாந்து நாட்டின் பேரால் அழைக்கப்படும் ஒரு வைரஸ் நோய், கூட்டிலேயே புழுக்களைப் பையாக ஊதிச் சாகச் செய்து, தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நாட்டுத் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பாகத்தை அழித்தது. பெட்டி வைத்திருந்தவர்கள் வெறும் பெட்டியோடு நின்றார்கள். அப்பொழுது எந்த ஓலைச்சுவடியும் வந்து காப்பாற்றவில்லை. நோயைத் தாங்கி மிஞ்சிய கூட்டங்களைக் கவனித்து, அவைகளிலிருந்து பெருக்கித்தான் தொழில் மெள்ள மெள்ள எழுந்தது.

இங்கு தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிறந்த குழந்தையின் நாக்கில் தேனைத் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கின்றது. முன்னோர் செய்தது, சாஸ்திரத்திலும் உண்டு என்பார்கள். சில தேனில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்து, பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து விஷத்தை உண்டாக்கி, கைகால்களையும் மூச்சையும் தளரச் செய்யும் என்பது 1976-ல் கண்டறியப்பட்டது. ஆகையால் ஒரு வயது முடிகிறவரை எந்தத் தேனையும், மலைத்தேனானாலும் சரி, குழந்தைக்குக் கொடுக்கக் கூடாதென்று டாக்டர்கள் சொல்லுகின்றார்கள். முன்னோர் கிருமியைக் காணவில்லை. அவர்களிடம் பூதக்கண்ணாடி இல்லை. அது அவர்கள் குற்றமல்ல; இன்று தெரிந்த பின்பும் வைக்கிற நமது குற்றம்.

கடைசியாக, இந்தப் பழம்பெருமையினால் உயிரோடிருக்கும் மலைவாசிகளுக்கு என்ன கிடைத்தது என்று பார்ப்போம். 1882-ம் வருஷத்து சென்னை வனச் சட்டம் தேனையும் மெழுகையும் வனப்பொருள் என்று சேர்த்துக் கொண்டது. அதாவது நன்னன் காலத்திலிருந்து ஏணிபோட்டு எடுத்து வந்த சரக்கு ஒரு நாள் காலையில் சர்க்கார் சொத்தாகி விட்டது. எடுக்கிறவன் தன் மலையிலேயே கூலிக்காரனாகிவிட்டான். மலையில் பிழைப்பு இல்லாமல் வெளியூருக்கு மரம் வெட்டப் போனவர்களின் கதி என்ன? 2015-ம் வருஷம் ஏப்ரல் 7-ந் தேதி ஆந்திராவில் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்தார்கள் என்று 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் இந்த ஜவ்வாது மலையையும் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள். ஆதித் தமிழன் என்று மேடையில் புகழப்படுகிறவனுடைய பேரன்தான் அங்கு செத்துக் கிடந்தான்.

2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தின் 3-வது பிரிவு, தேன் முதலிய சிறு வனப்பொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் மலைவாசிகளுக்குச் சொந்த உரிமை உண்டு என்று சொல்லுகின்றது. தமிழ்நாட்டில் 2008-ல் ஏற்பட்ட கோர்ட்டு உத்தரவால் உரிமைப் பத்திரம் வழங்குவது வெகுகாலம் முடங்கிக் கிடந்து, 2016-ல்தான் அந்தத் தடை நீங்கியது. அந்த உரிமையைக் கேட்கிற விண்ணப்பம் முதலில் கிராம சபையில் வைக்கப்பட வேண்டும். அங்கிருந்து உட்கோட்டக் கமிட்டிக்கும், பிறகு ஜில்லா கலெக்டர் தலைமையிலுள்ள கமிட்டிக்கும் போக வேண்டும். எந்தப் பாறையில், எந்தக் காட்டில், எத்தனை தலைமுறையாய்த் தேன் எடுத்தார்கள் என்பதற்கு ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் வாக்குமூலமும் ஆதாரமாக ஏற்கப்படும். மலைபடுகடாத்தை நெட்டுருப் போட்டிருக்கும் வாலிபர்கள் நாலு பேர் ஜமுனாமரத்தூருக்குப் பஸ் ஏறி, அந்தக் கிழவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, பாறையின் பேரையும் காட்டின் பேரையும் கேட்டு எழுதிக் கொடுப்பார்களேயானால், தமிழ்ப் படிப்பு ஒருதரமாவது அந்த மலைக்கு உபயோகப்பட்டதாக இருக்கும்.